வெட்டி எடுத்த பக்கம்

"கறையானுக்கு பிளேடு பிடிக்கத் தெரியுமோ, றிச்சர்ட்?"

சபையின் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டை வினிபிரட் ரீச்சர் மேசையில் ஓங்கிப் போட்டார். நடுவில் ஒரு பக்கம் நேர்க்கோடாக வெட்டப்பட்டிருந்தது. சபைச் செயலாளர் றிச்சர்ட் தன் வேதாகமத்தைக் கைக்கு அருகே இழுத்துக்கொண்டார்.

"மூண்டு தரம் நாயாய் அலைய விட்டீர். மூண்டு தரமும் கறையான் அரிச்சிட்டுது எண்ட கதை!"

ரீச்சருக்குக் கோபம் வராதா? இரண்டு வருடமாக ஒரு மனிதனின் தடம் தேடித் திரிகிறார். அப்பாவின் அப்பா, பேதுரு. மலாயாவுக்கு வேலைக்குப் போய், அங்கேயே படையில் சேர்ந்து, யப்பான்காரனிடம் பிடிபட்டு, சயாம் ரயில் பாதையில் செத்தவர். கரவெட்டியில் அவருடைய பிறப்புப் பதிவு, கப்பல் பட்டியல், இணையத்தில் படைப்பதிவு என்று எறும்பு சேர்க்கிற மாதிரிச் சேர்த்துவிட்டார். பெயரில்லாத கல்லறையில் பெயர் வெட்ட, போர்க் கல்லறைகளைப் பராமரிப்பவர்களும் சம்மதித்துவிட்டார்கள். வாரிசு என்று ஆதாரம் காட்டிக் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

அங்கேதான் முட்டியது. இடப்பெயர்வில் அப்பாவின் பிறப்புச் சான்றிதழ் தொலைந்து போனது; பதிவகத்திலும் அதன் பிரதி இல்லை. பிறகு எடுத்த உத்தேச வயதுப் பத்திரத்தில் குத்துமதிப்பாக 1938 என்றிருந்தது. குத்துமதிப்பு செல்லாதாம். மிச்சம் இந்தப் பதிவேடு ஒன்றுதான்.

"முப்பத்தெட்டிலை கப்பலேறின மனிசன். நாப்பத்திமூண்டிலை சாகுமட்டும் ஒருக்காக்கூட ஊர் மண் மிதிக்கேல்லை. எல்லாப் பதிவும் பாத்திட்டன். அந்தச் சீவனுக்கு ஒரு கல்லிலை பேர் வெட்ட உமக்குப் பொறுக்கேல்லையோ? யூதாஸ்!"

"விடுங்கோ ரீச்சர். வேறை ஆதாரம் தேடுவம். நானும் கூட வாறன்."

"பக்கத்தை எடும். இல்லாட்டி இப்பவே பொலிசுக்குப் போறன்!"

றிச்சர்ட் தன் வேதாகமத்துக்குள்ளிருந்து மடித்த தாளை எடுத்தார். "வாசிக்காமல் கிழிச்செறிஞ்சால் நல்லம்."

ரீச்சர் பறித்தார். அப்பாவின் பெயர். பிறந்த திகதி: 1941 மார்ச் 9.

நாற்பது வருடம் கணக்குப் படிப்பித்தவர். இந்தக் கணக்குக்கு விரல் மடிக்கத் தேவையிருக்கவில்லை.

கதிரையை இழுத்து இருந்தார்.

"இதுக்குத்தானோ வெட்டினனீர்?"

"ஓம் ரீச்சர். முதல் நாளே கப்பலேறின வருசத்தை நீங்கள்தானே சொன்னனீங்கள்." றிச்சர்ட் தலை நிமிரவில்லை. "பின்பக்கத்தையும் பாருங்கோ."

பின்பக்கத்தில் ஒரு சிறிய கடிதம் ஒட்டியிருந்தது. மேலே மலாயா விலாசம். பேதுருவின் கையெழுத்தை ரீச்சர் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார்.

'போதகர் ஐயாவுக்கு, தங்கள் கடிதம் கிடைத்தது. தகப்பன் பெயர் எழுதும் இடத்தை வெறுமையாக விடவேண்டாம். என் பெயரை எழுதுங்கள். பிள்ளை யாருக்கும் ஒரு பிழையும் செய்யவில்லை.'