கழுத்துப் பட்டை விசாரணை

"இது யாரும்மா?"

மேலாளர் கைப்பேசியை நீட்டினார். திரையில், பூங்கா ஓரமாக நின்று ஒரு பெண் கழுத்தை இடமும் வலமும் திருப்பிக்கொண்டிருந்தாள். குனிந்தாள், நிமிர்ந்தாள், தோளைச் சுழற்றினாள். கழுத்தில் ஒன்றும் இல்லை.

எதிரே நின்றவளின் கழுத்திலோ தாடை வரைக்கும் பட்டை.

"நான்தான் சார்."

"அது நல்லாவே தெரியுது. பட்டை எங்கே போச்சு?"

"வீட்ல இருந்துச்சு."

மேலாளர் பக்கத்தில் நின்ற பில் போடும் பெண்ணைப் பெருமையாகப் பார்த்தார். படம் அவள் உபயம்.

"நேத்து சாயங்காலம் நடக்கப் போனேன் சார். தற்செயலா எடுத்தேன்."

தற்செயலாக எடுத்த படம் நாலு நிமிடம் ஓடியது.

அது ரத்தப் பரிசோதனைக் கூடம். பட்டைக்காரிக்கு வேலை, மைக்ராஸ்கோப்பில் நாள் முழுக்கக் குனிந்து ரத்த அணுக்களை எண்ணுவது. இரண்டு வருடமாகக் கழுத்து வலி. நாலு மாதமாகத்தான் அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்க ஐந்து நிமிடம் சலுகை. அதை ரத்து செய்யும் கடிதம் மேஜைமேல் தயார். கையெழுத்து மட்டும் பாக்கி.

"பாவமேன்னு அஞ்சு நிமிஷம் கொடுத்தேன். நீங்க என்னடான்னா இங்க பொம்மை மாதிரி விறைச்சு நிக்கிறீங்க, அங்க பம்பரமா சுத்துறீங்க. இதுக்குப் பேர் என்ன?"

"பயிற்சி சார்."

"நடிப்பு!"

அவள் பையிலிருந்து டாக்டர் சீட்டு ஒன்றை எடுத்து நீட்டினாள். சாட்சி இருக்கிற தைரியத்தில் மேலாளர் அதை உரக்கவே படித்தார்.

"'பட்டை வேண்டாம். தொடர்ந்து போட்டால் கழுத்துத் தசை பலவீனமாகும். தினமும் பயிற்சி. அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்கவும்...'"

குரல் இறங்கியது.

"தேதியைப் பாருங்க சார். ஆறு மாசமாச்சு. கீழே, நீங்க பார்த்ததுக்கு அடையாளமா உங்க கையெழுத்தும் இருக்கு."

"அப்புறம் எதுக்கும்மா இந்தப் பட்டை?"

"சீட்டைக் கொடுத்தப்ப என்ன சொன்னீங்க? 'ஆளு நல்லாத்தானே இருக்கீங்க, எங்கே வலி, காட்டுங்க'ன்னீங்க. ரெண்டு மாசம் உங்க ரூமுக்கு நடையா நடந்தேன். அப்புறம்தான் கடையில இதை வாங்கி மாட்டிக்கிட்டு வந்தேன். அன்னைக்கே அஞ்சு நிமிஷம் கிடைச்சுது. இது என் கழுத்துக்கு ஆகாது சார். உங்க கண்ணுக்குப் போட்டது."

பில் போடும் பெண்ணுக்குத் திடீரென்று மின்விசிறி மேல் அக்கறை வந்துவிட்டது.

மேலாளர் கடிதத்தை எடுத்தார். இரண்டாகக் கிழித்தார்.

"தப்பு என்மேலதாம்மா. முதல்ல அந்தக் கருமத்தைக் கழட்டுங்க. டாக்டர் சொன்னதுதான் இனிமே இங்க சட்டம்."

அவள் அவிழ்த்தாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அந்த அறையில் தலையை மெல்லத் திருப்பிப் பார்த்தாள்.

"அப்ப என் அஞ்சு நிமிஷம் சார்?"

"தாராளமா!"

சொல்லிவிட்டு மேலாளர் அந்தக் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வீக்கமில்லை. காயமில்லை. எல்லாருக்கும் இருப்பது போல ஒரு கழுத்து.

தொண்டையைச் செருமினார்.

"இருந்தாலும்... இப்படி ஒண்ணுமே இல்லாம எழுந்து நடந்தீங்கன்னா, நாலு பேர் கேட்டா நான் என்ன பதில் சொல்றது? எதுக்கும் அதை மாட்டிக்கங்கம்மா."