காணாமல் போன கீறல்

"இங்க வந்து பாரேன். கதவுல இருந்த கீறல்கூடப் போயிடுச்சு."

இரண்டு மணி நேரமாகப் பழைய காருக்குத் தானே வேக்ஸ் போட்டுக்கொண்டிருந்த கணவர், சமையலறை ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்.

"மெதுவா பேசுங்க. மாடி வீட்டுக்காரர் பால்கனியில நின்னு பாத்துக்கிட்டே இருக்கார்" என்றாள் மனைவி.

"பாக்கட்டும். வயிறு எரியட்டும்."

கார் நிறுத்தும் இடத்துக்குச் சண்டை போட்டு, கணவரும் மாடி வீட்டுக்காரரும் பேச்சை நிறுத்தி ஒரு வருடம் ஆகிறது.

வாசலில் ஹாரன் கேட்டது. வீட்டில் தங்கியிருக்கும் மச்சான், அதே மாடல், அதே வெள்ளை நிறக் காரிலிருந்து இறங்கிச் சாவியை நீட்டினான்.

"விடியக்காலையில ஸ்டேஷனுக்குப் போக நம்ம காரை எடுத்துட்டேன் மாமா. நீங்க ரெண்டு பேரும் நல்ல தூக்கம்."

அந்தக் காரின் கதவில் கீறல் பத்திரமாக இருந்தது. இடம் காலியானதும் யார் கார் அங்கே வந்து நின்றது என்று கணவருக்கு மெல்லப் புரிந்தது.

இரண்டு காபியோடு மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்தார்.

"அப்பவே சொல்லியிருப்பேன். நாமதான் பேசிக்கிறதில்லையே."

கணவர் காபியை வாங்கிக்கொண்டு, வேக்ஸ் துணியை அவர் கையில் கொடுத்தார்.

"இப்பத்தான் பேசிட்டீங்களே. ஆரம்பிங்க, என் கார் வந்துடுச்சு."