மழைக்கு அப்புறம்

காட்டோர நகரமான பெலேமில் மத்தியானம் கழிந்ததும் ஒரு மழை உண்டு; ஊரே அதை வைத்துத்தான் நேரம் சொல்லும். தரை குளிர்ந்தால்தான் சூடான இறால் சூப்புக்கு ஆள் வரும் என்பதால், இராசில்டா மழைக்கு அப்புறம்தான் கடை திறப்பாள். இந்த வாரம் முழுக்க மழையைக் காணோம். மாமரத்தடியில் தள்ளுவண்டி நிற்கிறது. பானையில் சூப்பு கொதித்துச் சுண்டுகிறது. இன்னொரு செம்பு தண்ணீர் ஊற்றுகிறாள். சூப்பில் போடும் கீரை ஈரத்துணிக்குள் வாடிக் கறுக்கிறது. வானம் மேகமில்லாமல், சாம்பல் போட்டுத் துலக்கிய தட்டாகக் கிடக்கிறது. எதிரே, காட்டைக் காப்பாற்ற உலகம் பூராவிலும் இருந்து வந்தவர்கள் கூடிய மண்டபத்தில் ஏசி இரைகிறது. அதன் குழாயிலிருந்து நடைபாதையில் சொட்டும் நீரை ஒரு நாய் நக்குகிறது. "மழையையும் உள்ள கூட்டிட்டுப் போய்ப் பேச்சுவார்த்தை நடத்துறாங்க போல, அக்கா," என்கிறான் பக்கத்தில் குடை விற்கும் ஒஸ்மரினோ, தன் சரக்கில் ஒன்றை வெயிலுக்கு விரித்துப் பிடித்தபடி. "வாய மூடுடா. குடைய மடக்கு மொதல்ல, அதப் பாத்துத்தான் மழை வரமாட்டேங்குது." மண்டபத்தில் மொழிபெயர்க்கப் போயிருக்கும் உள்ளூர்ப் பெண் ஒருத்தி, கழுத்தில் அட்டை தொங்க வந்து பானையை எட்டிப் பார்க்கிறாள். "பசி உயிர் போகுதுக்கா. எப்ப தொறப்பீங்க?" "மழைக்கு அப்புறம் வா, கண்ணு," என்று பழக்கத்தில் சொல்லிவிடுகிறாள் இராசில்டா. அவளும் பழக்கத்தில் தலையாட்டிவிட்டு நடக்கிறாள். நாலடி போன பிறகுதான் நின்று அண்ணாந்து பார்க்கிறாள். இராசில்டாவும் பார்க்கிறாள். கூப்பிட்டு வேறு நேரம் சொல்லலாம்தான். மழையை விட்டால் அப்படியொரு நேரம் அவளிடம் இல்லை.