இரண்டாவது நாற்காலி

“அங்கிள், இந்த ரூம்ல ஒரு ஆள் குறையுது.”

சுரேந்தர் அறையின் நடுவில் நின்று மறுபடியும் கைதட்டிப் பார்த்தான். சத்தம் சுவரில் மோதித் திரும்பி வந்தது. ஜாலான் புசாரில் ஸ்பீக்கர் கடை வைத்திருக்கும் அவனை, அழகேசன்தான் செம்பவாங் வீட்டுக்கு வரவழைத்திருந்தார்.

மகள் கல்யாணமாகிப் போனதும் காலியான அறையை, பாட்டு கேட்பதற்கென்றே ஒதுக்கிக்கொண்டவர் அழகேசன். உள்ளே உயர்ந்த ரக ஸ்பீக்கர்கள், அவற்றுக்கு நேர் எதிரே ஒரே ஒரு நாற்காலி. ராத்திரி சாப்பிட்டதும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். மனைவி ரஞ்சிதம் ஹாலில் டிவிக்குத் துணையாக உட்கார்ந்திருப்பார். அந்த அம்மாவுக்கு அதுதான் வருத்தம். அழகேசனுக்கோ எதிரொலிதான் வருத்தம். சுவரில் பஞ்சுப் பலகை மாட்டி, தரையில் கம்பளம் விரித்த பிறகும் பாடகியின் குரல் கிணற்றுக்குள்ளிருந்துதான் வந்தது.

“மனுஷ உடம்பு மாதிரி சத்தத்தை உறிஞ்சுறது வேற எதுவும் இல்ல, அங்கிள். இடது பக்கம் இன்னொரு நாற்காலி போட்டு ஆன்ட்டியை உட்கார வைங்க. தினமும் உட்காரணும் லா.”

தனக்கு வேறு வேலை இல்லையா என்று சமையலறையிலிருந்து ரஞ்சிதம் முணுமுணுத்தார். அழகேசன் கெஞ்சிக் கூத்தாடி அழைத்து வந்து, பிடித்து வைத்த பிள்ளையாராக அசையாமல் இருக்கச் சொன்னார். சுரேந்தர் ஜன்னலுக்குக் கனத்த திரை போட்டான், ஸ்பீக்கர்களைச் சுவரை விட்டுத் தள்ளி வைத்தான். பாட்டு ஓடியது. குரல் தெளிவாகக் கேட்டது. அழகேசன் மனைவியை நன்றியோடு பார்த்தார்.

பிள்ளையார் சில நாள்தான் அசையாமல் இருந்தார். பிறகு அந்த அறைக்குள் பேச்சு வந்தது, எந்தப் பாட்டை யார் பாடியது என்று வாக்குவாதம் வந்தது, நடுநடுவே காப்பியும் வந்தது. கதவைச் சாத்தும் வழக்கம் தானாகவே நின்றுபோனது.

சில மாதம் கழித்து ஆம்ப்ளிஃபையரைப் பழுது பார்க்க சுரேந்தர் வந்தான். ரஞ்சிதம் அவனுக்குக் காப்பி போடப் போனதும் அழகேசன் அவன் பக்கம் குனிந்தார்.

“நீ சொன்னது பொய்ப்பா.”

சுரேந்தர் அந்த இரண்டாவது நாற்காலியை எடுத்துவிடலாமா என்று கேட்டான்.

“வேணாம் வேணாம். நாற்காலி போட்ட மறுநாளே, அவ தேக்கா மார்க்கெட்டுக்குப் போனப்ப தனியா பாட்டு கேட்டுப் பார்த்துட்டேன். அவ இல்லாம இன்னும் நல்லாவே கேக்குது. அவகிட்ட மட்டும் சொல்லிடாதே.”

சுரேந்தர் தலையாட்டினான். அந்தப் பொய்யைச் சொல்லும்படி, அவன் முதல் தடவை இந்த வீட்டுக்கு வருவதற்கு முந்தின நாளே கடைக்கு வந்து கேட்டுக்கொண்டவர் ரஞ்சிதம்தான் என்பதை அவனும் அழகேசனிடம் சொல்லவில்லை.