நகத் தகராறு

"நோய் பிடிச்ச நகம் டாக்டர்!" என்றார், காலை நீட்டி உட்கார்ந்திருந்தவர்.

"நகத்துல ஒரு குறையும் இல்ல. ஒரு மாசமா இதே பாட்டு!" என்றார் கூட வந்தவர்.

வழக்கைத் தீர்த்துவைக்க டாக்டரம்மா டெர்மோஸ்கோப் என்ற உருப்பெருக்கியைக் கால் கட்டைவிரல் நகத்தில் வைத்துக் குனிந்தார். மஞ்சள் திட்டும், ஈட்டி முனைகளாய் உள்ளே ஓடும் கோடுகளும் பெரிதாகத் தெரிந்தன.

"சந்தேகமே இல்ல, பூஞ்சைதான்!"

"கேட்டுக்கிட்டீங்களா?" என்ற முதலாமவர், முழங்காலுக்குக் கீழே காலைப் படக்கென்று கழற்றி, கூட வந்தவர் மடியில் வைத்தார். "செயற்கைக் கால் செய்யற லட்சணமா இது? வேற நகம் வரைஞ்சு குடுங்க!"

டாக்டரம்மா டெர்மோஸ்கோப்பைக் கீழே வைத்தார். இருபது வருட அனுபவம் போயும் போயும் பெயிண்டிடம் ஏமாந்துவிட்டதே!

கால் செய்தவரோ பேயறைந்தவர்போல் தன் செருப்பைக் கழற்றிக் காலை நீட்டினார்.

"டாக்டர்... இதைப் பார்த்துத்தான் வரைஞ்சேன்."