கொத்தனாரின் வெள்ளிக்கிழமை

“கொத்தனார் ஆரம்பிச்சுட்டார். மூட்டையைக் கட்டுங்க” என்றார் கணக்கர்.

வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணி. ஆபீஸே நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தது.

கொத்தனார் என்பது எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான லினக்ஸ் சர்வரைப் பார்த்துக்கொள்பவருக்கு ஆபீஸ் வைத்த பெயர். வெள்ளி தவறாமல் அதிலிருக்கும் மென்பொருள் பேக்கேஜ் அத்தனையையும் அடியிலிருந்து திரும்பக் கட்டுவார். அது முடியும்வரை யார் கம்ப்யூட்டரிலும் ஒரு வேலையும் ஓடாது.

புதிதாக வந்த டீம் லீடருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே போய்க் கேட்டாள்.

“இந்த வாரம் என்ன மாறியிருக்கு?”

“ஒரு கோட் லைப்ரரி மேடம்.”

“அதை நம்பியிருக்கிற நாலு பேக்கேஜை மட்டும் திரும்பக் கட்டினா போதுமே? கால் மணி நேர வேலை. எதுக்கு ஊரையே இடிக்கிறீங்க?”

“ஒரு பாதுகாப்புக்குத்தான்” என்றார் கொத்தனார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சரியான சோம்பேறி என்று முடிவுகட்டினாள். பிறகு அவளும் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். மற்ற நாளெல்லாம் கணவன்தான் மகளைக் காப்பகத்திலிருந்து கூட்டிவருவான். வெள்ளி மட்டும் இவள். அன்றைக்குத்தான் மகள் தூங்குவதற்குள் வீடு போய்ச் சேர முடிந்தது.

திங்களன்று முதல் வேலையாக முதலாளியிடம் போட்டுக்கொடுத்தாள்.

“அப்படியா சங்கதி!” முதலாளி குளிர்ந்துபோனார். “இனிமே சர்வர் உங்க பொறுப்பு.”

அந்த வெள்ளி நாலே பேக்கேஜ். கால் மணி நேரத்தில் முடித்துவிட்டாள். எல்லாம் ஜோராக ஓடியது.

ஐந்து மணிக்குக் கண்ணாடிக் கதவு திறந்தது. முதலாளி கையைத் தேய்த்துக்கொண்டே வந்தார்.

“சிஸ்டம் ஓடுதில்ல? யாரும் எந்திரிக்காதீங்க. திங்கக்கிழமை வேலையையும் இன்னிக்கே முடிச்சிடலாம். மத்த நாள் மாதிரி ஒன்பது மணிதானே ஆகும்?”

ஆஸ்பத்திரியில் இருக்கும் மனைவியைப் பார்க்க எழுந்த கணக்கர் அப்படியே உட்கார்ந்தார். எல்லாரும் டீம் லீடரைத் திரும்பிப் பார்த்தார்கள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

ஆறரை மணிக்குப் போன் அடித்தது. காப்பகத்திலிருந்து மகள்.

“அம்மா, எல்லாரும் போயிட்டாங்க. நீ எப்ப வருவே?”

அப்பாவையே அனுப்பிவைப்பதாகச் சொல்லிவிட்டு, கொத்தனார் மேஜைக்குப் போய்க் குனிந்தாள்.

“இதுக்காகத்தானா? அன்னிக்கே என்கிட்ட சொல்லியிருக்கலாமே?”

“நீங்க பேக்கேஜைப் பத்தித்தானே கேட்டீங்க மேடம்.”

அடுத்த வெள்ளி முதலாளி வெளியே வந்தபோது எல்லாத் திரையும் அசையாமல் நின்றிருந்தது. கணக்கர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

“மொத்தத்தையும் திரும்பக் கட்டிக்கிட்டிருக்கேன் சார். இன்னிக்கு இனிமே ஒண்ணும் ஓடாது” என்றாள் டீம் லீடர்.

“நாலே போதும்னு நீங்கதானே சொன்னீங்க?”

அவள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“தெரியாமச் சொல்லிட்டேன் சார்.”