கயிறு பிடித்த மச்சான்

இரண்டாயிரத்து எழுபத்தொன்றில் நான் கருடப் படை கமாண்டோ. எங்களுக்கும் நாகப் படைக்கும் ஆகாது. மெஸ்ஸில் சாம்பார் வாளியைக்கூட அவர்கள் பக்கம் தள்ள மாட்டோம்.

எதிரியின் ட்ரோன்கள் ஒரு மலைப்பாறையின் நடுவில் கூட்டமாக ஒட்டிக்கொண்டிருந்தன. சுட்டால் வெடித்து, கீழே இருக்கும் தேனெடுப்பவர்களின் ஊர் போய்விடும். மேலிடம் படைக்கு ஒருவராக என்னையும் நாகப் படை இன்பராஜையும் அனுப்பியது.

ஊர்த்தலைவி கெம்பி, "எங்க தேனடைய அதுங்க நடுவுல வெச்சிட்டா தேனீங்க பாத்துக்கும். எங்காளுங்க மூஞ்சி ட்ரோனுக்குத் தெரியும், கண்டா வெடிச்சிடும். நீங்கதான் கயித்துல இறங்கணும்" என்றாள்.

நான் இறங்க, இன்பராஜ் பிடிக்க வேண்டும். என் தலைக்கவசம் கணக்குப் போட்டு, "அவரை நம்பலாம்: நான்கு சதவீதம்" என்றது.

"எங்க வழக்கத்துல மச்சான்தான் கயிறு பிடிப்பான். கூடப் பொறந்தவள தாலியறுக்க விடுவானா?" என்ற கெம்பி, இன்பராஜிடம் திரும்பினாள். "உனக்குத் தங்கச்சி உண்டா?"

"இருக்கா. இந்த ஆந்தை மூஞ்சிக்கா?"

வீடியோவில் கூப்பிட்டோம். பல் டாக்டர் பூங்கோதை, யாருடைய பல்லையோ பிடித்தபடி என்னை உற்றுப் பார்த்தாள். "கயித்த ஒழுங்காப் பிடிண்ணா. மத்தத அப்புறம் பேசலாம்."

கவசம் மறுபடி நான்கு என்றது. பாவம், அதற்கு மச்சான் முறை தெரியாது. கழற்றி வைத்துவிட்டு இறங்கினேன்.

நாற்பத்திரண்டு ட்ரோன்களையும் தேனீக்கள் மெழுகு பூசி அடைத்தன. இன்பராஜ் ஒரு மணி நேரம் என்னைத் திட்டிக்கொண்டே பிடித்தான், விடவில்லை.

இன்றும் விருந்துக்கு வந்தால் உள்ளங்கைத் தழும்பைக் காட்டி இன்னொரு கறித்துண்டு கேட்கிறான். தலைக்கவசத்தில் பூங்கோதை பச்சைமிளகாய் வளர்க்கிறாள். நன்றாகக் காய்க்கிறது.